இரண்டு கடிதங்களும் ஒரு ஷரத்தும்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பத்திரிகை அச்சுக்குப் போகும் அவசரத்தில் நாம் இருந்த சமயத்தில், ஓர் இளைஞர் நமது காரியாலயத்துக்கு வந்தார். அவருடைய தகப்பனார் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்து காலமானவர். நமக்குப் பழைய சிநேகிதர். பிள்ளை சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் படித்து, ஜெர்மனி சென்று, ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றவர். காவிரியின் கடைமடைப் பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பு ஏறி வருகிறதே, அது எவ்வழியில் ஏறுகிறது, எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட விஷயம். வந்தவர் நமது மேஜையின்மேல் இரண்டு கடிதங்களை வைத்தார்.

ஒன்று வெளிநாட்டு ஸர்வகலாசாலை ஒன்றிலிருந்து வந்தது. உத்தியோகம் இன்னது, சம்பளம் இவ்வளவு, ஆராய்ச்சிச்சாலைக்கு இன்ன அறை, கருவிகள் வாங்க இவ்வளவு பணம், வாரத்தில் இத்தனை மணி நேரமே பாடம் சொல்ல வேண்டும், இத்தனை மாணாக்கர்களை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று எல்லா விவரங்களும் அதில் கண்டிருந்தன. மற்றொன்று நம் நாட்டுக் கலாசாலை ஒன்றின் நியமன உத்தரவு. முப்பது தினங்களுக்குள் அசல் சான்றிதழ்களுடன் நேரில் வந்து பதவி ஏற்க வேண்டும்; வைத்தியச் சான்று கொண்டுவர வேண்டும்; இரண்டு வருஷம் பரீட்சைக் காலம்; சம்பள விகிதம் இன்னது என்று மூன்று பக்கங்கள். ஆராய்ச்சி என்ற சொல் அம்மூன்று பக்கங்களில் ஓரிடத்திலும் இல்லை.

“ஐயா, இரண்டில் எதை ஒப்புக்கொள்ளலாம்? அம்மா தன் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள். சிநேகிதர்கள் எல்லோரும் ‘போ’ என்கிறார்கள். தாங்கள் சொல்லுங்கள்” என்றார்.

தேசத்துக்கு உழையுங்கள் என்று வருஷக்கணக்காக எழுதிப் பழகிய கை நம்முடையது. ஆகவே பதில் நாவின் நுனியிலேயே இருந்தது. “தம்பி, உன்னைப் படிக்க வைத்த தேசம் இது. இங்கேயே இரு” என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இருக்கிறேன், ஐயா. எந்த அறையில் இருப்பது?” என்று கேட்டார். அவர் பரிகாசமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நமக்குப் பதில் தோன்றவில்லை. அன்று சொல்ல முடியாததை இன்று யோசித்து எழுதுகிறோம்.

வழக்கமாக இவ்விஷயம் ஒரு வழக்கைப்போல் நடத்தப்படுகிறது. தேசம் வாதி, கடல் கடந்து போகும் அறிஞன் பிரதிவாதி. நன்றி மறந்தான் என்பது குற்றச்சாட்டு. மேடையில் பேசுகிறவர்களும், நம்மைப் போன்ற பத்திரிகாசிரியர்களும் வாதியின் வக்கீல்கள். ஆனால் சட்டம் படித்த எவனும் ஒரு பக்கத்துச் சாட்சியங்களை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதத் துணியமாட்டான். ஆகையால், இந்த நாட்டில் இதே கேள்வி எதிரே வந்து நின்ற சில பெரியோர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

முதல் சாட்சி, நமது சென்னை இராஜதானிக் கலாசாலையில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-ஆம் வருஷம் ஜூலை மாதம், பத்தொன்பது வயதில், இந்திய சர்க்காரின் உபகாரச் சம்பளத்துடன் கப்பலேறினார். அந்தக் கப்பற் பிரயாணத்திலேயே, அவிந்து சுருங்கிப்போகும் நக்ஷத்திரத்தின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டார். அவ்வெல்லை நமது சூரியனுடைய நிறையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்று இன்று உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அன்று ஒப்புக்கொள்ளவில்லை. 1935-ஆம் வருஷம் ஜனவரி 11-ஆம் தேதி லண்டனில் ராயல் வானசாஸ்திர சங்கத்தின் கூட்டத்தில் அவர் தமது முடிவைச் சொல்லி அமர்ந்ததும், அக்காலத்து வானசாஸ்திரிகளுள் தலைசிறந்தவரான எடிங்டன் எழுந்து, சபையோர் நகைக்கும்படி அதை மறுத்துப் பேசினார். கேம்பிரிட்ஜ் டிரினிடி கலாசாலை அவருக்கு 1933-இல் அளித்திருந்த கௌரவப் பதவியும் நான்கு வருஷங்களுக்கே உரியது. ராமாநுஜனுக்குப் பிறகு அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. எனினும் 1937-க்குப் பிறகு என்ன என்ற கேள்வி எழுந்துவிட்டது.

1936-இல் அவர் எதிரே இருந்த வழிகள் என்ன? அமெரிக்காவில் ஹார்வர்டு அவரை அழைத்தது. சிகாகோ ஸர்வகலாசாலையின் யெர்க்ஸ் வானாராய்ச்சி நிலையத் தலைவர் ஆட்டோ ஸ்துரூவேயும் அழைத்தார். இந்தியாவிலோ தந்தையார் இருந்தார். பிள்ளை இந்நாட்டிலேயே வேலை கொள்ள வேண்டும் என்பது அவர் விருப்பம். சிற்றப்பாவான ஸர் சி. வி. ராமன் அப்பொழுது பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைவர். இத்தனை இருந்தும் சந்திரசேகர் தாயகத்தில் தங்கவில்லை. 1936 செப்டம்பரில் சென்னைக்கு வந்து, தம்மோடு இராஜதானிக் கலாசாலையில் பௌதிகம் படித்த லலிதாவை மணந்துகொண்டு, 1937 ஜனவரியில் சிகாகோவிலிருந்து சுமார் எண்பது மைல் தொலைவிலுள்ள வில்லியம்ஸ் பே என்னும் சிறு கிராமத்தில் போய்க் குடியேறினார்.

பணத்துக்காகப் போனார் என்று சொல்லலாமா? தாம் ஆராயும் விஷயத்தையே ஆராயும் சகாக்களும், ஒரு பெரிய தூரதரிசினியும், நாள் முழுவதும் தம் வேலைக்கே என்ற ஏற்பாடும் அங்கே இருந்தன. இங்கே இருந்தது என்ன? விரல்விட்டு எண்ணக்கூடிய பதவிகள்; அவற்றைச் சுற்றி விஞ்ஞானிகளுக்குள்ளேயே கட்சிப் பிரதிகட்சிகள். நோபல் பரிசு பெற்ற ராமனே 1937-இல் அந்தச் சண்டைகளின் முடிவாகப் பெங்களூர்க் கழகத்தின் தலைமைப் பதவியை விட்டு விலக நேர்ந்தது என்றால், இருபத்தாறு வயது இளைஞர் அந்தச் சுழலில் வந்து விழாததற்காக அவரை நோவதெப்படி?

போன இடத்தில் எல்லாம் சுகமென்றும் நினைக்க வேண்டாம். அவருடைய தாயார் 1931-இல் சென்னையில் காலமானபோது மகன் அருகில் இல்லை. சிகாகோவில் அவருடைய நிறத்தைக் காரணமாகக் காட்டி, அவர் வகுப்பு நடத்தக் கூடாதென்று ஓர் அதிகாரி தடுத்ததுண்டு. ஸர்வகலாசாலையின் தலைவரான ஹட்சின்ஸ் குறுக்கிட்டு, அவரைப் பாடம் சொல்லச் செய்தார். 1946-இல் பிரின்ஸ்டன் ஸர்வகலாசாலை ஏறக்குறைய இரட்டிப்புச் சம்பளத்துக்கு அவரை அழைத்தபோது, அதே ஹட்சின்ஸ் அத்தொகையைத் தாமே கொடுத்து அவரை நிறுத்திக்கொண்டார். அறிஞனுடைய மதிப்பை உணர்ந்து, அவனைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டுமென்று ஓர் ஸ்தாபனம் எடுத்துக்கொண்ட முயற்சியை இங்கே கவனிக்க வேண்டும். சந்திரசேகர் 1953-இல் அமெரிக்கப் பிரஜையானார். 1983-இல் நோபல் பரிசு பெற்றார். 1995-இல் சிகாகோவிலேயே காலமானார்.

இரண்டாவது சாட்சியின் வாக்குமூலம் இதைவிடக் கசப்பானது. ஹர் கோவிந்த் கொரானா பஞ்சாபில் பிறந்தவர். 1945-இல் இந்திய சர்க்காரின் செலவில் இங்கிலாந்து சென்று, லிவர்பூலில் இரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்று, ஸ்விட்சர்லாந்தில் மேற்கொண்டு பயின்று, 1949-இல் சுதந்திர பாரதத்துக்குத் திரும்பினார். அவர் பிறந்த கிராமமோ பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. திரும்பி வந்தவருக்கு இந்நாட்டில் ஓர் உத்தியோகம் கிடைக்கவில்லை. ஆம், அவர் போகவில்லை, வந்தார். நம்மிடம் இடம் இல்லை. மறுபடியும் கப்பலேறிக் கேம்பிரிட்ஜுக்கும், 1952-இல் கனடாவுக்கும், பிறகு அமெரிக்காவுக்கும் போனார். உயிர் அணுக்களில் பரம்பரைச் செய்தி எழுதப்பட்டிருக்கும் பாஷையைப் படித்துக்காட்டியதற்காக 1968-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவர் ஒருவர். பரிசு வந்ததும் அவரை ‘நம்மவர்’ என்று கொண்டாடினோம். 1949-இல் அவர் நம்மவராக இருந்தபோது என்ன செய்தோம் என்று யாரும் கேட்கவில்லை. இந்த வழக்கில் நன்றி மறந்தது யார்?

மூன்றாவது சாட்சி இங்கே தங்கியவர். ஹோமி பாபா 1939-இல் கேம்பிரிட்ஜிலிருந்து விடுமுறைக்குத் தாயகம் வந்திருந்தார். யுத்தம் மூண்டது, திரும்ப வழியில்லை. பெங்களூர்க் கழகத்தில் ஒரு வேலையில் அமர்ந்தார். யுத்தம் முடிந்ததும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ நல்லதொரு ஸர்வகலாசாலைக்குப் போய்விடுவதென்பதே அவருடைய ஆதி எண்ணம். ஆனால் அந்த எண்ணம் மாறிவிட்டதென்று 1944-இல் அவரே எழுதியிருக்கிறார். சொந்த நாட்டிலேயே இருந்து, பிறநாடுகளில் உள்ளவற்றுக்கு நிகரான ஆராய்ச்சிக் கூடங்களைக் கட்டுவதே ஒருவனுடைய கடமை என்ற முடிவுக்கு வந்தார். இந்த வாசகத்தை மேடைகளில் பலர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பத்திரங்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு அதில் இருக்கும் ஒரு ஷரத்து தப்பாது. தக்க மதிப்பும் பண உதவியும் கிடைக்குமானால் என்று ஒரு நிபந்தனையைப் போட்டுவிட்டுத்தான் அவர் கடமையைப் பற்றிப் பேசுகிறார்.

நாம் எப்பொழுதும் கடமையை உரக்கப் படிக்கிறோம்; ஷரத்தை விழுங்கிவிடுகிறோம். பாபாவின் விஷயத்தில் ஷரத்து நிறைவேறியது. 1944 மார்ச்சு மாதம் அவர் டாட்டா தர்ம ஸ்தாபனத்துக்கு விண்ணப்பம் எழுதினார். 1945-இல் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. பம்பாயில் அவர் பிறந்த பங்களாவிலேயே அது சில காலம் நடந்தது. கேட்டவரிடம் தேசபக்திப் பிரசங்கம் செய்யாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள். அதனால் அவர் தங்கினார். அவரை நம்பி மற்றவர்களும் வந்தார்கள்.

நான்காவது சாட்சியாக ஸர் சி. வி. ராமனையே கூப்பிடுவோம். 1907 முதல் அவர் கல்கத்தாவில் சர்க்காரின் நிதி இலாகாவில் பெரிய உத்தியோகஸ்தர். 1917-இல் அதை உதறிவிட்டு, ஏறக்குறையப் பாதிச் சம்பளத்துக்குக் கல்கத்தா ஸர்வகலாசாலையில் பாலித் பேராசிரியரானார். அந்தப் பதவிக்கு வருகிறவர் வெளிநாடு சென்று பயிற்சி பெற்றிருக்க வேண்டுமென்று ஒரு விதி இருந்தது. ராமன் போக மறுத்தார். அந்த ஸர்வகலாசாலையின் உயிராக நின்ற ஸர் ஆசுதோஷ் முகர்ஜி, மனிதரைத் திருப்பி அனுப்பாமல் விதியைத் தளர்த்திக்கொண்டார். பதினொரு வருஷங்களுக்குப் பின், 1928 பிப்ரவரி 28-இல், ராமன் விளைவு உலகத்துக்கு வெளியாயிற்று.

ராமனுடைய தியாகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதே. ஆனால் அந்த நாற்காலியைச் செய்து போட்டவர்கள் யார்? தாரக்நாத் பாலித், ராஷ் பிஹாரி கோஷ் என்ற இருவர், தாங்கள் வாழ்நாளெல்லாம் சம்பாதித்ததிலிருந்து லட்சக்கணக்கில் அள்ளிக்கொடுத்துக் கல்கத்தாவில் விஞ்ஞானக் கலாசாலையை உண்டாக்கினார்கள். அன்னிய அரசாங்கத்தின் கீழிருந்த அக்காலத்தில், தம் பணத்தால் ஏற்படும் பேராசிரியர் பதவிகளில் இந்தியரே இருக்க வேண்டுமென்று பாலித் ஷரத்து எழுதிவைத்தார். இவ்விருவரும் என்ன தொழில் செய்தவர்கள்? வக்கீல்கள். ஆசுதோஷ் முகர்ஜி? ஹைகோர்ட்டு நீதிபதி. நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் தம் வருமானத்தைக் கொண்டு ஒரு தேசத்தின் விஞ்ஞானத்துக்கு வீடு கட்டினார்கள். இன்று நம் நகரத்தில் அவர்களைப்போல் சம்பாதிக்கும் வக்கீல்களுக்குக் குறைவில்லை. அவர்களைப்போல் கொடுப்பவர்கள் எத்தனை பேர் என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசிச் சாட்சி நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறார். சென்னை ஸர்வகலாசாலையில் பௌதிக இலாகாவை நிறுவ எண்ணிய துணைவேந்தர் டாக்டர் ஏ. இலக்ஷ்மணசுவாமி முதலியார், முதலில் ராமனையே அழைத்தார். ராமன் தம் மாணாக்கரான ஜி. என். ராமச்சந்திரனைக் காட்டினார். ராமச்சந்திரன் கேம்பிரிட்ஜில் பயின்று 1949-இல் திரும்பி வந்தவர். 1952-இல் இலாகாவின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டபோது வயது முப்பது. இந்த வயதில் நம் கலாசாலைகளில் ஒருவர் தற்காலிக விரிவுரையாளராக இருந்தாலே அதிர்ஷ்டம் என்று எண்ணுகிறோம்.

அவர் என்ன ஆராய்ந்தார்? தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொல்லாஜன் என்னும் பொருளின் அமைப்பை. ஆராய்ச்சிக்கு வேண்டிய கொல்லாஜன், பக்கத்திலேயே அடையாற்றில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. இரண்டே வருஷங்களில், 1954-இல், அது மூன்று இழைகள் முறுக்கிய கயிறுபோல் இருப்பதாக அவரும் கோபிநாத் கர்த்தாவும் உலகத்துக்கு எடுத்துக்காட்டினார்கள். 1963-இல் புரதங்களின் அமைப்பைச் சோதிக்க அவரும் சகாக்களும் வகுத்த படம், இன்றும் உலகமெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இவையெல்லாம் கிண்டியில் நடந்தவை. முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்று சொல்லித் திரிகிற நமக்கு, முல்லை மணத்த காலமும் ஒன்று உண்டென்று நினைவூட்டவே இதைச் சொல்லுகிறோம்.

ஆனால் அந்தச் சரித்திரத்தின் முடிவையும் மறைக்கலாகாது. முதலியார் இருபத்தேழு வருஷங்கள் துணைவேந்தராக இருந்து 1969-இல் விலகினார். 1970-இல் ராமச்சந்திரனும் சென்னையை விட்டுப் போனார். பிறகு பெங்களூரில் புதிதாக ஓர் இலாகாவைக் கட்டினார். ஆதரவு ஒரு மனிதருடைய நல்ல மனதைப் பொறுத்திருக்கும் வரையில், அந்த மனிதர் போன மறுநாள் அதுவும் போய்விடும். விதியாக எழுதப்பட்டு, நிதியாக ஒதுக்கப்பட்டால்தான் அது ஸ்தாபனத்தின் ஆதரவாகும்.

சாட்சியங்கள் இவை. இவற்றிலிருந்து அந்த இளைஞருக்குச் சொல்லத்தக்கது என்ன?

தம்பி, உன்னை நீயே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள். முதலாவது, நீ ஆராயும் விஷயம் எங்கே இருக்கிறது? சந்திரசேகரின் நக்ஷத்திரங்கள் மைலாப்பூருக்கும் வில்லியம்ஸ் பேக்கும் பொது. உன்னுடைய உப்பு நீரோ வேதாரண்யத்துக் கிணறுகளில் இருக்கிறது. அதைப் பெட்டியில் வைத்து அனுப்பி எத்தனை நாள் ஆராய்வாய்? இந்தக் கேள்விக்கு விடை தாயகத்தின் பக்கம் சாய்கிறது. இரண்டாவது, உன் நேரம் யாருடையது? வாரம் முழுவதும் பாடம், பாடம் முடிந்தால் பரீட்சை, பரீட்சை முடிந்தால் கணக்கெடுப்பு, கமிட்டி, விழா என்று போய்விட்டால், கிணறு பக்கத்தில் இருந்தும் பயனில்லை. மூன்றாவது, உன்னோடு வாதாடித் திருத்தக்கூடிய சகாக்கள் யார்? தனி மரம் தோப்பாகாது. நான்காவது, இன்று உன்னை அழைக்கும் தலைவர் நாளை மாறினால், உன் வேலையைக் காப்பது எது?

சம்பளத்தை இந்நான்குக்கும் பிறகு கேள். கேட்கவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. தாயாரைக் காப்பாற்ற வேண்டியவன் அரிசி விலையைக் கேட்பது பாவமல்ல. ஆனால் அதை முதற்கேள்வியாக வைத்தவன் எந்த நாட்டில் இருந்தாலும் அறிஞனாக இருக்கமாட்டான்.

இக்கேள்விகளை மனத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாதே. அந்த மூன்று பக்க உத்தரவை அனுப்பிய கலாசாலைக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுது. அறை உண்டா, எவ்வளவு பணம், எத்தனை மணி நேரம் பாடம், எத்தனை மாணாக்கர் என்று எழுத்தில் கேள். கேட்பது கர்வமாகத் தோன்றுமே என்று அஞ்சாதே. பாபா ஷரத்துப் போட்டார். ராமன் ஒரு விதியையே ஏற்க மறுத்தார். இவர்களைத் தேசத்துரோகிகள் என்று சொல்லுவார் யார்?

இனி, நன்றிக் கடன் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். கடன் உண்மையே. இந்த இளைஞர் படித்த படிப்பில், கல்லூரி வாசலையே மிதிக்காத நாற்று நடும் பெண்ணின் வரிப்பணமும் கலந்திருக்கிறது. உப்பு ஏறிய வயல் அவளுடையது. இதை மறந்துவிட்டு, “என் அறிவு என் சொத்து” என்று பேசுகிறவர்களை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கடனைத் தீர்க்கும் வழி ஒன்றே என்று சொல்லுவது எந்தச் சட்டத்திலும் இல்லை. அழகப்பச் செட்டியார் சென்னையில் ஸ்தாபித்த ராமாநுஜன் கணித நிலையம், 1957-இல் அவர் காலமானபோது ஆதரவின்றி நின்றது. அச்செய்தி கேட்டு, பண்டித நேருவிடம் எடுத்துச் சொன்னவர் அமெரிக்காவிலிருந்த சந்திரசேகர். சென்னை ஸர்வகலாசாலை அதை ஏற்றுக்கொள்ள, நிலையம் பிழைத்தது. அப்பொழுது அவர் அன்னியப் பிரஜை. அவர் மறக்கவில்லை. இங்கேயே இருந்து, வகுப்புக்குப் போகாமல் சம்பளம் வாங்குகிறவன் கடனைத் தீர்த்தவனா? உடம்பு இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துத் தேசபக்தியை அளப்பது நியாயமாகாது.

ஆகவே நமது தீர்ப்பு பிரதிவாதியைவிட வாதியையே அதிகம் சுடும். இன்று நம் கலாசாலைகளில் அனுமதிக்கப்பட்ட பதவிகள் எத்தனையோ நிரப்பப்படாமல் கிடக்கின்றன. அவ்வேலையை வருஷக்கணக்காகக் கௌரவ விரிவுரையாளர்கள் என்ற பெயரில், கௌரவமற்ற தொகுப்பூதியத்துக்குச் செய்து வருகிறார்கள் பட்டம் பெற்ற ஆண்களும் பெண்களும். ஸர்வகலாசாலைகள் துணைவேந்தரின்றி மாதக்கணக்கில் காத்திருக்கின்றன. வாங்கிய கருவி பழுதானால் அதைப் பழுதுபார்க்கும் உத்தரவு கிடைப்பதற்குள் கருவியின் காலமே முடிந்துவிடுகிறது. இந்த வீட்டின் திண்ணையில் நின்றுகொண்டு, கடல் கடந்து போகிறவனைப் பார்த்து, “நன்றி கெட்டவனே” என்று கூவுவது நமக்கு அழகா?

சுதந்திரம் கேட்டபோது, “உங்களுக்கு ஆளத் தெரியுமா?” என்று அன்னியன் நம்மைக் கேட்டான். ஆண்டு காட்டுகிறோம் என்றோம். ஆளுவதென்றால் வரி வாங்குவதும் கொடி ஏற்றுவதும் மட்டுமல்ல. அறிவுடைய ஒருவன் திரும்பி வரும்போது அவனுக்கு ஓர் அறையும், ஒரு விளக்கும், இடையூறில்லாத நான்கு மணி நேரமும் தயாராக வைத்திருப்பதும் ஆளுவதில் சேர்ந்ததுதான்.

நேயர்களில் சட்டசபை அங்கத்தினர்கள் இருக்கிறார்கள். வரவு செலவுத் திட்டம் வரும்போது, கட்டிடத்துக்கு எவ்வளவு என்பதோடு நிற்காமல், கட்டிடத்துக்குள் நடக்கும் ஆராய்ச்சிக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். ஸர்வகலாசாலைச் சபைகளில் அங்கம் வகிப்பவர்கள் இருக்கிறார்கள். நியமன உத்தரவில் சான்றிதழ்களைக் கேட்கும் மூன்று பக்கங்களோடு, நாம் என்ன கொடுப்போம் என்று சொல்லும் நான்காம் பக்கம் ஒன்றையும் சேர்க்கச் செய்யுங்கள். தனவந்தர்களும் நம் தொழிலைச் சேர்ந்த பெரிய வக்கீல்களும் இருக்கிறார்கள். பாலித்தும் கோஷும் அழகப்பரும் செய்ததைச் செய்யுங்கள். ஊழியர்களும் தொண்டர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கல்லூரியில் எத்தனை இடங்கள் காலியாக இருக்கின்றன, எவ்வளவு காலமாக என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையைக் கூட்டங்களில் சொல்லுங்கள். இவற்றுள் ஒன்றும் செய்யாதவர்கள், அடுத்த தடவை நம்மவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பரிசு பெற்றால், தயவுசெய்து தோரணம் கட்ட வேண்டாம்.

அந்த இளைஞர் நேற்று மறுபடியும் வந்திருந்தார். இங்குள்ள கலாசாலைக்கு நாம் சொன்னபடி கடிதம் எழுதிவிட்டாராம். அம்மாதான் அதைத் தபாலில் சேர்த்தாளாம். வெளிநாட்டுக்குப் பதில் சொல்ல இம்மாதம் முப்பதாம் தேதிவரை தவணை இருக்கிறது. பதில் வராவிட்டால் என்ன செய்வாய் என்று நாம் கேட்டோம். “போய்விடுவேன், ஐயா” என்றார். அப்படிப் போனால், இந்தப் பத்திரிகை அவரைக் குறித்து ஒரு வார்த்தையும் குறைவாக எழுதாது. இருக்கிறேன் என்று சொன்னவருக்கு நாம் இன்னும் அறையைக் காட்டவில்லை. முப்பதாம் தேதிக்குள் காட்டினால் அவர் இருப்பார்.